சிவப்புப் பெட்டியில் என் மேளம்

நவம்பர் 7, செவ்வாய்

மூன்று லேப்டாப்களும் வந்துவிட்டன. மேசையில் வரிசையாக வைத்தேன். கம்பெனிப் பெயர் தெரியாதபடி மூடியின் மேல் டேப் ஒட்டினேன்: சிவப்பு, நீலம், பச்சை. நடுநிலைமை என்றால் இப்படி இருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கூடத்தில் எனக்கு முன்னால் இருந்தவன் பெயரைப் பார்த்து மார்க் போட்டவன்.

மொந்தேவிதேயோ நகர மன்றம் பேட்டைகளின் இசை வகுப்புகளுக்கு லேப்டாப் வாங்கப் போகிறது. ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஹெட்போன் கிடையாது, தனி ஸ்பீக்கர் கிடையாது. கீபோர்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் அந்த இரண்டு துக்கடா ஸ்பீக்கர்கள்தான் எல்லாம். எது தேறும் என்று நான் சொல்ல வேண்டும். டாங்கோ, முர்கா, கும்பியா, ராக், ரெகெட்டோன், காந்தோம்பே. வகைக்குப் பத்து மார்க். 30-ஆம் தேதி அறிக்கை.

என் தகுதிகாண் காலம் டிசம்பர் 31-இல் முடிகிறது. தலைமை இஞ்சினியர் பெரெத்தி அம்மையார் சுற்றி வளைக்கவில்லை. "லீபர், உன்னை வெச்சுக்கறதா அனுப்பறதான்னு இந்த அறிக்கையைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்."

நல்லது. பயப்பட வேண்டியது லேப்டாப்கள்தான்.

நவம்பர் 8, புதன்

டாங்கோ. பச்சையில் பந்தோனியோன் என்கிற துருத்திப் பெட்டி, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு அழுவதுபோல் இருக்கிறது. நீலத்தில் அதே கொசு, கொஞ்சம் சாப்பிட்ட கொசு. சிவப்பில் கொசு இல்லை. ஆனால் வயலின்களும் இல்லை. எல்லாவற்றின் மேலும் யாரோ ஜமுக்காளம் போர்த்திய மாதிரி. அதற்குக் 'கதகதப்பு' என்று பெயர் வைத்து எட்டு மார்க் போட்டேன்.

முர்கா மூன்றிலும் பிரமாதம். பதினான்கு ஆண்கள் மூக்கால் பாடுகிறார்கள். ஸ்பீக்கரும் மூக்கால் பாடுகிறது. பொருத்தம் பத்துக்குப் பத்து.

நவம்பர் 9, வியாழன்

ரெகெட்டோன். நீலத்தை முழுச் சத்தத்தில் வைத்தேன். தாளம் காதுக்கு வரவில்லை. மேசையிலிருந்த மாத்தே தேநீர்க் குவளை நான்கு விரற்கடை நடந்து போனது. நடந்த தூரத்துக்கு மார்க் உண்டா?

நவம்பர் 12, ஞாயிறு

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் காந்தோம்பே குழுவின் ஞாயிறு ஊர்வலம் புறப்படுமுன், தெரு மூலையில் தீ மூட்டி எல்லாரும் மேளங்களைச் சாய்த்து வைத்திருந்தோம். தோல் சூடேறி விறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை. நான் பக்கத்தில் நின்ற மேளக்காரன் ஹெபருக்கு ஸ்பீக்கர் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்த லேப்டாப்பாலும் பேச முடியாது, பியானோ மேளத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது, ஆகவே காந்தோம்பேதான் கடைசிப் பரீட்சை... பாதி வாக்கியத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். என் பியானோ. தோல் குறுக்கே பிளந்துவிட்டது. கருகல் வாடை வேறு.

டெல்மீரா மோந்து பார்த்தாள். எங்கள் குழுவின் தலைவி. மற்ற ஆறு நாளும் பஸ் ஓட்டுபவள். "இஞ்சினியர், உன் கறி வெந்துருச்சு. தட்டு எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

எங்களிடம் இருப்பது ஒன்பது மேளம். அதில் பியானோ இரண்டு, வால்தெமாருடையதும் என்னுடையதும். வால்தெமாருக்குப் பல்வலி, வரவில்லை. ஆக பியானோவே இல்லாமல் பதினான்கு தெரு நடந்தோம். நான் வரிசையை விட்டு விலகவில்லை. குச்சியால் மேளத்தின் கட்டையை மட்டும் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டு வந்தேன். கதவு தட்டும் விருந்தாளி மாதிரி. யாரும் திறக்கவில்லை.

தங்கை ஃபியோரெல்லா எங்களுக்கு முன்னால் ஆடுகிறவள். "இன்னிக்குத் தரையே இல்லாத மாதிரி இருந்துச்சுடா, காலை எங்க வெக்கறதுன்னு தெரியல" என்றாள். அவள் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 14, செவ்வாய்

காந்தோம்பே நாள்.

கடையில் வாங்கிய பதிவுகள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஸ்டூடியோக்காரன் ஏற்கெனவே எல்லாவற்றையும் தட்டிச் சமப்படுத்தியிருப்பான். ஃபியோரெல்லா வீட்டில் ஆடிப் பழக ஞாயிறுதோறும் எங்களைப் பதிவு செய்கிறாள். அவளிடம் 5-ஆம் தேதிப் பதிவைக் கேட்டேன். அன்றைக்கு நான் நன்றாக அடித்தேன். அனுப்பினாள். ஒரு நிமிடம் பத்தாவது விநாடியிலிருந்து இரண்டு நாற்பது வரைதான் எனக்குத் தேவை. மொத்தம் நான்கு நிமிடம். யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது?

பச்சை: சிக்கோ, ரெப்பிக்கே என்ற சின்ன மேளங்கள் ஊசியாய்க் குத்துகின்றன. பியானோ அறவே இல்லை. இரண்டு மார்க்.

நீலம்: இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் இருக்கிறது. ஐந்து.

சிவப்பு: சரியாக ஒன்று நாற்பதில் என் மேளம் வந்தது. தரைக்கடியிலிருந்து யாரோ தோளால் முட்டுவதுபோல. என் வலது கையின் அந்தச் சிறு இழுப்பு உட்பட. கை மயிர் சிலிர்த்தது. முப்பது தடவை போட்டேன், முப்பது தடவையும் வந்தது. ஒன்பது மார்க். பத்து போடாதது என் அடக்கம்.

மூலப் பதிவை ஹெட்போனில் கேட்டுச் சரிபார்ப்பது முறை. நானே அடித்த மேளத்தை நானே சரிபார்ப்பதா? விட்டுவிட்டேன்.

(அறிக்கையில் அடிக்குறிப்பு போட வேண்டும்: பியானோ என்பது இங்கே கட்டைகளுள்ள பெட்டி அல்ல, தோளில் தொங்கும் மேளம். நகர மன்றத்துக்குத் தெரியும். லேப்டாப் விற்கிறவர்களுக்குத் தெரியாது.)

நவம்பர் 16, வியாழன்

பெரெத்தி அம்மையார் மாத்தே உறிஞ்சிக்கொண்டே மார்க் பட்டியலைப் பார்த்தார்.

"எது எந்தப் பெட்டின்னு தெரியாமத்தான கேட்ட?"

"ஆமாம். டேப் ஒட்டியிருக்கேன்."

"டேப் ஒட்டினது யாரு?"

"நான்தான்."

அவர் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினார். 'கர்ர்' என்று குவளை காலியான சத்தம். ரொம்ப அநாவசியமான சத்தம்.

நவம்பர் 19, ஞாயிறு

புதுத் தோல் ஆணியடித்தாகிவிட்டது. தீயருகே வாயைத் திறக்கவில்லை. "என்ன, இன்னிக்குப் பாடம் கிடையாதா?" என்று ஹெபர் கேட்டான். புதுத் தோலில் வெறும் கையால் அடித்ததில் விரல் கொப்பளித்திருக்கிறது.

நவம்பர் 28, செவ்வாய்

அறிக்கை போய்விட்டது. பதினோரு பக்கம், என் கையெழுத்தோடு. முடிவுரை: "தாள வாத்தியப் பயிற்சிக்கு ஏற்றது சிவப்பு ஒன்றே. ஐயத்துக்கு இடமில்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே!

நவம்பர் 29, புதன்

மாதத்தின் 29, ஆகவே வழக்கம்போல் ஞோக்கி, உருளைக்கிழங்கு மாவு உருண்டை. அம்மா தட்டுக்கடியில் நாணயம் வைத்தாள், அதிர்ஷ்டம் வருமாம். நான் பொறியாளன், இதையெல்லாம் நம்புவதில்லை. நாணயம் நழுவாமல் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் நாள், காந்தோம்பே தினம். ஊர் முழுக்க மேளம். ஊர்வலம் முடிந்து டெல்மீரா வீட்டு முற்றத்தில் கறி சுட்டார்கள். நான்... சிவப்பைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாக எடுத்துப் போனேன். இதை எழுதி வைத்தால்தான் பிறகு வேறு மாதிரி நினைத்துக்கொள்ள மாட்டேன்.

மேசையில் வைத்து, "பியானோ கேக்கற லேப்டாப்பை உலகத்துலயே முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்" என்றேன். பதிவைப் போட்டேன். ஒன்று நாற்பதில் விரலை உயர்த்தினேன். "இதோ! நான்!"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வால்தெமார் பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். "நீ இருக்க, சரி. நான் எங்க?"

"உங்க மேளம் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கும்."

"உன்னை ஒட்டித்தானடா எப்பவும் நடக்கறேன்."

இரண்டு நாற்பதில் நிறுத்தக் கை நீட்டினேன். ஹெபர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "ஓடட்டும் விடு. நீ எதையும் முழுசாக் கேக்கவே மாட்டியா?"

ஓடியது. மூன்று நிமிடம் ஐந்தாவது விநாடியில், அந்த அருமையான சிவப்பு லேப்டாப்பிலிருந்து, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக டெல்மீராவின் குரல்:

"சமையல்காரா! தோல்தான் போச்சு, கட்டையையாவது நேரத்துக்குத் தட்டுடா!"

நவம்பர் 12-ஆம் தேதிப் பதிவு. தோலைச் சுட்ட ஞாயிறு. வால்தெமாருக்குப் பல்வலி வந்த ஞாயிறு. ஃபியோரெல்லா அவசரத்தில் தப்பான பதிவை அனுப்பியிருக்கிறாள், நான் அவசரத்தில் இருபத்தைந்து விநாடி முந்தியே நிறுத்தியிருக்கிறேன். பியானோவே இல்லாத பதிவில் என் வலது கையின் சிறு இழுப்பைக் கேட்டு மயிர் சிலிர்த்திருக்கிறேன்.

சிரிப்பு எப்படி என்றால், வால்தெமாருக்குக் கட்டிய பல் கழன்று கையில் வந்தது.

"அப்ப அந்த ஒன்று நாற்பதுல 'உம்ம்'னு ஒண்ணு வருதே?" என்றேன். விடவில்லை நான். கடைசிவரை விடவில்லை.

டெல்மீரா மறுபடி போடச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டாள். "பஸ்ஸு. இஸ்லா தெ ஃப்ளோரெஸ் தெரு மேட்டுல ரெண்டாவது கியர். பழைய வண்டி, கிளட்ச் போகப் போவுது."

பிறகு சிரிப்பு அடங்கியதும், கறித்துண்டைப் புரட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "லேப்டாப் கொடுக்கப் போறதாச் சொன்னாங்களே, அந்த அறிக்கை எழுதினது நீதானே? சிவப்பு விலை கூடுதலாம், பன்னெண்டு வகுப்புக்குத்தான் வருமாம், பச்சைன்னா இருபதாம். வால்தெமார் பேட்டை செர்ரோ, அங்க இருக்கற வகுப்பு அந்தப் பன்னெண்டுல இல்ல. நல்ல பெட்டின்னா நாலு பேருக்காவது நல்லா வரட்டும்னு நாங்க பேசாம இருந்தோம்."

வாய் நிறையக் கறி இருப்பதுபோல் மென்றேன். வாயில் ஒன்றுமில்லை.

டிசம்பர் 4, திங்கள்

ஹெட்போனில் கேட்டேன். அளந்தும் பார்த்தேன். கீழ்ப்பகுதி காலி. ஒரு பஸ். அது போட்ட ஒரு துண்டு ஊறுகாய்க்கு என் மூளை அண்டா நிறையச் சோறு வடித்திருக்கிறது.

யாருக்குத் தெரியும்? முற்றத்திலிருந்த பத்துப் பேருக்கு. அவர்கள் டெண்டர் கமிட்டிக்குப் போகப் போவதில்லை. கமிட்டி 12-ஆம் தேதி கூடுகிறது. என் தகுதிகாண் காலத்துக்கு இன்னும் 27 நாள். பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். பேசினால்... "ஐயத்துக்கு இடமில்லை"ன்னு எழுதின பயலை யாராவது வேலைக்கு வெச்சுப்பாங்களா? நான் வெச்சுக்க மாட்டேன்.

ஒருவேளை, பதிவு தப்பானாலும் முடிவு சரியாக இருக்கலாமே? சிவப்பு நிஜமாகவே நல்ல பெட்டியாக இருக்கலாமே?

இதை நானே எழுதியிருக்கிறேன். வெட்கம்.

டிசம்பர் 6, புதன்

விடுப்பு எடுத்து ஒழுங்காகச் செய்தேன். மூன்று லேப்டாப்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவே போர்வையைக் கட்டினேன். இரண்டு துண்டுகள்: நவம்பர் 5-ஆம் தேதி, பியானோ உண்டு, 12-ஆம் தேதி, பியானோ இல்லை. மறுபக்கம் ஃபியோரெல்லா எந்தப் பெட்டியில் எதைப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் 'இருக்கு', 'இல்லை' சொல்ல வேண்டும். இருபது தடவை.

ஒன்பது சரி.

அம்மாவின் ஞோக்கி நாணயத்தைச் சுண்டியிருந்தால் பத்து வந்திருக்கும்.

பிறகு நான் போர்வைக்குப் பின்னால் போனேன். ஃபியோரெல்லா சொன்னாள்: பதினாறு சரி. தப்பு நான்கும் சிவப்பில். பச்சையில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எப்படி? பச்சையில அடிக்குரல் வரவே வராதேடி!"

"அடிக்குரல் வரலைதான். ஆனா உன் குச்சி தோல்ல படறது பளிச்சுனு வருது. அது போதும் எனக்கு, இடுப்பு தானா இறங்குது. சிவப்புல எல்லாமே மெத்துமெத்துன்னு இருக்கு, எதுல கால் வெக்கறதுன்னே தெரியல."

மறுபடி அளந்தேன். சிவப்புக்குள் இருக்கிற மென்பொருள் எதைப் போட்டாலும் கீழே கொஞ்சம் பஞ்சு திணிக்கிறது. நான் 'கதகதப்பு' என்று எட்டு மார்க் போட்ட அதே ஜமுக்காளம். பச்சை அசிங்கமாகப் பேசுகிறது. ஆனால் இருந்ததை இருந்தது என்கிறது.

அவளுக்கு வேண்டியது மேளம். எனக்கு வேண்டியது நான். சிவப்பு எனக்கு என்னைக் கொடுத்தது, ஒன்பது மார்க் வாங்கிக்கொண்டு போனது.

டிசம்பர் 7, வியாழன்

பெரெத்தி அம்மையாரிடம் சொன்னேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில். பஸ் வரும் இடத்தில் அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியதா என்று எனக்குத் தெரியாது. என் புலன்களை நான் இப்போது நம்புவதில்லை.

"திரும்பப் பெறுகிறோம்னு கடிதம் எழுது. உன் பேர்ல."

"தொழில்நுட்பக் காரணங்களால்..."

"அந்த வார்த்தையை எழுதின, இன்னிக்கே உன்னை அனுப்பிடுவேன். என்ன நடந்துச்சோ அதை எழுது."

"வேலை?"

"அது 31-ஆம் தேதி விஷயம்."

டிசம்பர் 8, வெள்ளி

கடிதம். நான்கு தடவை கிழித்தேன். ஐந்தாவது:

"கீழே கையொப்பமிட்டுள்ள நான், காந்தோம்பே சோதனையில், பதிவில் இல்லாத ஒரு மேளத்தைக் கேட்டதாக எண்ணி ஒன்பது மதிப்பெண் வழங்கினேன். அம்மேளம் என்னுடையது. பதிவில் இருந்தது ஒரு நகரப் பேருந்து. மறுசோதனை முடிவுகளை இணைத்துள்ளேன். அவை என் முந்தைய முடிவுக்கு நேர்மாறானவை."

பதினோரு பக்கத்தில் சொல்லாத உண்மையை ஆறு வரியில் சொல்லிவிட்டேன். முன்னேற்றம்தான்.

டிசம்பர் 12, செவ்வாய்

கமிட்டி. கடிதத்தை ஓர் அதிகாரி உரக்க வாசித்தார், வீட்டு வரி நோட்டீஸ் வாசிக்கும் குரலில். "நகரப் பேருந்து" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, "எந்தத் தடம்?" என்று கேட்டார். குறிப்பில் ஏற்ற வேண்டுமாம். கிளட்ச் பழுது என்று மட்டும் தெரியும் என்றேன். அதையும் ஏற்றினார்.

சிவப்புக்காரர்களின் ஆள் கோட் போட்டு வந்திருந்தார். "போன மாசம் ஐயமில்ல, இந்த மாசம் ஐயம். இவர் காதை எப்படிங்க நம்பறது?"

"நம்பாதீங்க" என்றேன். "அதுக்குத்தான் போர்வை கட்டினேன். நீங்களும் உக்காருங்க, இருபது தடவை."

உட்கார்ந்தார் பாவம். எட்டு சரி. என்னைவிட ஒன்று கம்மி. அந்த ஒரு நிமிடம் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். திருந்தவில்லை நான்.

டிசம்பர் 17, ஞாயிறு

எல்லாரும் என்னைச் 'சமையல்காரன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாக வந்த சிக்கோக்காரப் பெண் நிஜமாகவே நான் ஓட்டலில் வேலை பார்ப்பதாக நினைத்து, வாரக் கடைசியில் கூட்டம் அதிகமா என்று விசாரித்தாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 22, வெள்ளி

கமிட்டி முடிவு: பச்சை. இருபது வகுப்புகள்.

டிசம்பர் 29, வெள்ளி

ஞோக்கி. நாணயம். இந்தத் தடவை தட்டை அசைக்கவே இல்லை.

டிசம்பர் 30, சனி

பெரெத்தி அம்மையார் கூப்பிட்டார். நிரந்தரம் இல்லை. அனுப்பவும் இல்லை. தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம். "அந்த அறிக்கைக்கு உன்னை அனுப்பியிருக்கணும். கடிதத்துக்கு வெச்சுக்கணும். ரெண்டையும் கூட்டிப் பாத்தா ஆறு மாசம் வருது."

சோதனைக்கூடச் சுவரில் புது விதி தட்டச்சில் ஒட்டியிருக்கிறது: சோதிப்பவர் தாம் பங்கேற்ற பதிவைத் தாமே மதிப்பிடக் கூடாது. பதிவை முழுவதும் கேட்க வேண்டும். யாரோ அதன் கீழே பேனாவால் சின்னதாக ஒரு பஸ் வரைந்திருக்கிறார்கள். நன்றாகவே வரைந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று கார்னிவல் ஊர்வலம். தீயருகே ஐந்து நிமிடம், வாயை மூடிக்கொண்டு. தோல் தப்பியது.

பிப்ரவரி 11, ஞாயிறு

செர்ரோ போனேன், வால்தெமார் கூப்பிட்டதால். வகுப்பு அறையில் பச்சை இருந்தது. மூடியில் என் டேப்பின் பசை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனைக்கு வந்த அதே பெட்டி. ஃபியோரெல்லா ஊர்வலப் பதிவைக் கொண்டுவந்திருந்தாள். போட்டோம்.

தகர டப்பாதான். கொசுதான். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் குச்சி தோலில் விழுவது பளிச்சென்று வந்தது. பிள்ளைகளில் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள்.

"இது நான்தானே?" என்றேன்.

வால்தெமார் காதைச் சாய்த்தார். புதுப் பல் பளபளத்தது. "நானா இருந்தாலும் இருக்கும்."

தெரியவில்லை. பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்தோம். மார்க் எதுவும் போடவில்லை.

கை நிறுத்தும் பொத்தான் பக்கம் போகாமல் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பதினெட்டு நிமிடம். மேளங்கள் ஓய்ந்தன. யாரோ தண்ணீர் கேட்டார்கள். "சமையல்காரா, பரவால்ல, இன்னிக்கு வேகல" என்றாள் டெல்மீரா. ஃபியோரெல்லாவின் மூச்சு. அப்புறம் ஒரு பஸ், மேட்டில், இரண்டாவது கியரில்.

கிளட்ச்சை இன்னும் மாற்றவில்லை.